தோல் ஷாப் தண்ணீரும் பெராக்சைடும்

சித்தையன்கோட்டை அடங்கிய திண்டுக்கல் வட்டாரத்தில் தோல் ஷாப் என்றதும் கிணறுகள்தான் நினைவுக்கு வரும். ஒரு தொண்டு அமைப்பு 13 கிராமங்களில் கணக்கெடுத்ததில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. வேலூர் வழக்கில் 28.8.1996 அன்று உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. அதே தீர்ப்பு தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் கெடு வைத்தது.

சுத்திகரிப்பது லேசான வேலை இல்லை. ஆவாரம்பட்டையில் உள்ள டானினை பாக்டீரியாக்கள் எளிதில் தின்பதில்லை. இந்த இடத்தில்தான் ஒரு பழைய வினை கைகொடுக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடை 1818-ல் தெனார் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் ஃபென்டன், 1894-ல் வெளியிட்ட கட்டுரையில், இரும்பு உப்பு துளி சேர்ந்தால் பெராக்சைடு டார்டாரிக் அமிலத்தையே (நம் புளியில் இருப்பதுதான்!) ஆக்சிகரணம் செய்வதைக் காட்டினார். காரணம் ஹைட்ராக்சில் என்று 1934-ல் ஹேபரும் வைஸும் சொன்னார்கள். இரும்பு பெராக்சைடை உடைக்கிறது. அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் எதிர்ப்படும் கரிமப்பொருளை எல்லாம் சிதைக்கிறது.

இதற்குத் தண்ணீர் pH 3 அளவுக்குப் புளிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரும்பு துருவாகப் படிந்துவிடும். சிட்ரிக் அமிலம் போன்ற ஒன்று இரும்பைப் பிடித்துக்கொண்டு அணைவுச் சேர்மமானால் நடுநிலை நீரிலும் வேலை நடக்கும். வேடிக்கை என்னவென்றால், பிடித்திருக்கும் கையையும் ஹைட்ராக்சில் விடாது.

டானின் போகும், நிறமும் போகும். உப்பு மட்டும் அப்படியே இருக்கும். கிணறுகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு அந்த உப்புக்குத்தான்.