அடையாறில் தொடங்கிய கணக்கு

1923-ல் உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்த வலிதான் 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. 1980-களின் தொடக்கத்தில், சென்னையில் எத்தனை பேருக்கு எந்தப் புற்றுநோய் என்று அங்கே பதிவேடு எழுத ஆரம்பித்தார்கள். நோயை எண்ணியாயிற்று. நம் மரபணுவை?

புராஸ்டேட் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். இது குடும்பவழியாகவும் வரக்கூடியது. 2021-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, சுமார் 2.34 லட்சம் ஆண்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, இந்நோயோடு தொடர்புள்ள 269 மாற்றங்களைப் பட்டியலிட்டது. ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், கிழக்காசியர், ஹிஸ்பானியர் என்று நான்கு பிரிவுகள். தெற்காசியர் என்று ஒரு பிரிவே இல்லை!

இங்கேயும் வேலை தொடங்கிவிட்டது. 2025 பிப்ரவரியில், அடையாறுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸ், 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணு விவரங்களைத் தொகுத்து வெளியிட்டது. புராஸ்டேட்டுக்கும் இதுபோல நம்மவர்களின் பெரிய தொகுப்பு வேண்டும்.

பி.காம். படிக்கும் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பேரேட்டில் ஏறாதது ஐந்தொகையில் வராது. அடுத்த வீட்டுக் கணக்கை வைத்து நம் தாத்தாவுக்கு எவ்வளவு ஆபத்து என்று சரியாகச் சொல்ல முடியுமா?