கை நீளும் முன்

சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி. கொஞ்சம் வயதானவர்களுக்குப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயம். இங்கே குடியிருக்கும் எனக்கோ, விடிகாலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி வண்டிகள். அவற்றில் போகிறவர்களில் பிரஸ் மெஷின் ஓட்டுபவர்களும் உண்டு. மனிதன் அடுத்து என்ன செய்வான் என்று இயந்திரம் முன்பே அறிந்தாக வேண்டிய இடம் அந்த மெஷினின் வாய்.

அங்கே இப்போது இருப்பது ஒளித்திரை. கை கதிரை வெட்டினால் பிரஸ் நிற்கும், ஆனால் அந்தக் கணமே நிற்காது. அதனால் ஐஎஸ்ஓ 13855 தரவிதி, கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் என்று வைத்துக்கொண்டு திரையைத் தள்ளி வைக்கச் சொல்கிறது. நிற்க 0.1 நொடி ஆனால் குறைந்தது 20 சென்டிமீட்டர். யோசித்தால் இதுவும் முன்கணிப்புதான். எல்லார் கையும் ஒரே கை என்று நினைக்கிற, முரட்டுத்தனமான, ஆனால் நாணயமான கணிப்பு.

கேமராவின் கதை வேறு. நெடுநாள் அந்தத் துறை பெரும்பாலும் முடிந்துபோன செயலுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தது. அடித்த பிறகு 'அடித்தான்' என்று சொல்வதில் என்ன இருக்கு? 2011-இல் எம். எஸ். ரியூ கேள்வியைத் திருப்பிப் போட்டார்: வீடியோவில் பாதியை மட்டும் காட்டினால் சொல்ல முடியுமா? டெக்சஸில் ஜே. கே. அகர்வாலோடு அவர் உருவாக்கிய தொகுப்பில் ஆறு செயல்கள்: கைகுலுக்கல், கட்டிப்பிடித்தல், சுட்டிக்காட்டல், தள்ளல், உதை, குத்து. முழுசாகப் பார்த்தால் 85 சதவீதம் சரி, பாதியில் 70. கைகுலுக்கவும் குத்தவும் முதலில் நீள்வது அதே கைதானே!

2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹேமா கொப்புலாவும் அசுதோஷ் சக்சேனாவும் கையோடு சுற்றியிருந்த பொருட்களையும் கணக்கில் எடுத்தார்கள். கோப்பை எங்கே, கதவு எங்கே என்று தெரிந்தால் கை எங்கே போகும் என்பது பாதி தெரிந்த மாதிரி. 1 நொடி முன்னால் 75.4 சதவீதம், 10 நொடி முன்னால் 58.1. அதுவும் முதல் மூன்று ஊகங்களில் ஒன்று பலித்தால் போதும் என்ற கணக்கில். (கிளி ஜோசியக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்.)

ரோபோ கதவு திறந்துவிட இது போதும். பிரஸ்ஸுக்குப் போதாது. தவறவிட்டால் விரல் போகும். வீணாக நிறுத்திக்கொண்டே இருந்தால் உற்பத்தி குறைகிறது என்று யாராவது ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள், அப்போதும் விரல்தான் போகும். ஆகவே ஒளித்திரையைக் கழற்றிவிட்டுக் கேமராவை மாட்டுவதற்கு நான் ஒப்பமாட்டேன். கூடுதலாக ஒன்று மாட்டட்டும். அது கையை மட்டும் பார்க்கட்டும், எவன் எத்தனை தடவை டீ குடிக்கப் போனான் என்று எண்ண வேண்டாம்.