ஜெயித்துத் தோற்ற அரசர்

1931 ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயின் முழுக்க நடந்தது வெறும் உள்ளாட்சித் தேர்தல். தெருவிளக்கு, சாக்கடை, சந்தை வரி பார்க்கும் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். வாக்குச்சீட்டில் அரசர் பெயர் இல்லை. முடியாட்சியா, குடியரசா என்ற கேள்வியும் இல்லை. ஆனால், செவ்வாய்க்கிழமை இரவு அரசர் 13-ம் அல்ஃபோன்சோ அரண்மனையைக் காலி செய்துவிட்டார்.

இந்த விபரீதத்துக்கான விதை 1923-ல் விழுந்தது. ஜெனரல் பிரிமோ தெ ரிவேரா ஆட்சியைக் கைப்பற்றியபோது, அரசர் அவரைத் தட்டிக்கேட்காமல் தட்டிக்கொடுத்தார். 1930 ஜனவரியில் சர்வாதிகாரி வீட்டுக்குப் போனார். அவருக்குத் துணைபோன பழி அரசரிடமே தங்கிவிட்டது. அடுத்து வந்த ஜெனரல் பெரெங்கேர் நாடாளுமன்றத் தேர்தல் நடத்தப் பார்த்தார். கட்சிகள் புறக்கணிக்கப்போவதாகச் சொல்ல, அவரும் விலகினார். 1931 பிப்ரவரியில் பிரதமரான அட்மிரல் அஸ்னார், ஆழம் பார்க்க நினைத்தார். முதலில் உள்ளாட்சித் தேர்தல், நாடாளுமன்றமெல்லாம் பிறகு.

அந்தக் கணக்குக்குக் காரணம் கிராமங்கள். அங்கே 'காசிக்கே' எனப்படும் ஊர்ப் பெரிய மனிதர்கள் வைத்ததுதான் சட்டம். நிலம், வேலை, கடன் எல்லாம் அவர்கள் கையில் இருந்ததால், ஓட்டும் அவர்கள் கையில் இருந்தது. போதாக்குறைக்கு 1907 தேர்தல் சட்டத்தின் 29-வது பிரிவு: காலியிடங்களைவிடக் கூடுதலாக வேட்பாளர்கள் இல்லையென்றால் வாக்குப்பதிவே கிடையாது. நம்மூர் பாஷையில், அன்னபோஸ்ட்! தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பே ஆயிரக்கணக்கான முடியாட்சி ஆதரவாளர்கள் இப்படிக் கவுன்சிலர் ஆகிவிட்டார்கள்.

எதிரணியோ அடிபட்டுக் கிடந்தது. 1930 ஆகஸ்ட்டில் சான் செபாஸ்தியான் நகரில் கைகோத்த குடியரசுவாதிகள், டிசம்பரில் புரட்சிக்கு முயன்று தோற்றார்கள். ஹாக்கா நகரில் கிளர்ச்சி செய்த இரண்டு கேப்டன்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அல்காலா சமோரா உள்ளிட்ட தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். மார்ச்சில்தான் வெளியே வந்தார்கள். வந்தவர்கள் சாக்கடையைப் பற்றிப் பேசவில்லை. 'அரசர் வேண்டுமா, வேண்டாமா?' என்பதையே பிரசாரமாக்கினார்கள்.

ஞாயிறு இரவு முடிவுகள் வரத் தொடங்கின. அப்போது வந்த கணக்கைக் கூட்டிப் பார்த்தால் முடியாட்சித் தரப்புக்கே கவுன்சிலர்கள் அதிகம். ஆனால், 50 மாகாணத் தலைநகரங்களில் 41 குடியரசுக் கூட்டணியிடம் போய்விட்டன. மாட்ரிட் மாநகராட்சியின் 50 இடங்களில் 30 அவர்களுக்கு. பார்சிலோனாவில், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத எஸ்கேர்ரா கட்சி, காம்போவின் பழம்பெரும் லீகா கட்சியை மண்ணைக் கவ்வவைத்தது. மூத்த அமைச்சர் ரோமனோனஸ் பிரபுவின் கோட்டையான குவாதலஹாரா நகரமும் கைவிட்டுப்போனது.

ரோமனோனஸ் பழம் தின்று கொட்டை போட்டவர். கிராமத்து ஓட்டு எப்படி விழும் என்பது அவருக்குத் தெரியாதா? மிரட்ட முடியாத நகரங்களில் விழுந்த ஓட்டுதான் நாட்டின் மனசு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சிவில் கார்டு போலீஸ் படைத் தலைவர் சான்ஹுர்ஹோவும் அரசருக்காகத் துப்பாக்கி தூக்கத் தயாராக இல்லை. அதன் பிறகு எண்ணிக்கையைக் காட்டி என்ன பயன்?

செவ்வாய் விடிந்தும் விடியாமலும், பாஸ்க் பகுதியின் ஆயுதத் தொழில் நகரமான ஐபார், நகர மன்றத்தில் குடியரசின் மூவர்ணக் கொடியை ஏற்றிவிட்டது. மதியம் பார்சிலோனா மாநகராட்சி பால்கனியில் நின்று எஸ்கேர்ரா கட்சியின் கொம்பானிஸ் குடியரசை அறிவித்தார். மாட்ரிட்டில் டாக்டர் மாரான்யோன் வீட்டில் ரோமனோனஸும் அல்காலா சமோராவும் சந்தித்தார்கள். சில வாரங்களுக்கு முன்பு சிறையில் இருந்தவர் இப்போது கெடு விதித்தார்: சூரியன் மறைவதற்குள் அரசர் கிளம்ப வேண்டும். அன்றிரவே அல்ஃபோன்சோ காரில் கார்த்தஹேனா துறைமுகத்துக்கு விரைந்து, பிரான்ஸுக்குக் கப்பலேறினார். முடிதுறப்பதாக அவர் எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்டுக் காத்திருக்கவும் இல்லை.

வென்றவர்களையும் உள்ளாட்சித் தேர்தல் சும்மா விடவில்லை. அன்னபோஸ்ட்டாக நிரம்பிய மன்றங்களுக்கு 1933 ஏப்ரலில் மறுதேர்தல் வந்தது. அரசரின் கோட்டைகளைப் பிடித்துவிடலாம் என்று இறங்கிய பிரதமர் அசான்யாவின் கூட்டணிக்குப் பலத்த அடி. செப்டம்பரில் அவர் பதவி போனது. நவம்பர் பொதுத்தேர்தலில் வலதுசாரிகள் எழுந்து வந்தார்கள்.

அந்த நவம்பரில் ஸ்பெயின் பெண்கள் முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். ஆனால், அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே, ஓட்டுரிமை இல்லாமலே பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருந்தார்கள். அதில் ஒருவர், 'பெண்களுக்கு இப்போது ஓட்டு வேண்டாம்' என்று வாதாடினார்!

அது எப்படி? அடுத்த வாரம்...