உட்கருவுக்குள் புரதக் கடத்தல்: கண்டுபிடிப்பின் வரலாறு

உட்கருவுக்குள் புரதக் கடத்தல் என்பது, உயிரணுவின் சைட்டோபிளாசத்தில் உருவாகும் புரதங்களில் சில, உட்கரு உறையிலுள்ள துளைகள் வழியாக உட்கருவைச் சென்றடையும் நிகழ்வாகும். டி.என்.ஏ. உட்கருவுக்குள் இருக்கிறது, புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோம்களோ வெளியே சைட்டோபிளாசத்தில் இயங்குகின்றன. எனவே, டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன்கள், அதை நகலெடுக்கும் நொதிகள், மரபணுக்களை இயக்கும் புரதங்கள் ஆகிய அனைத்தும் வெளியிலிருந்தே உள்ளே வர வேண்டும். எந்தப் புரதம் உள்ளே செல்ல வேண்டும், எது வெளியே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது? இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

துளைகள் கண்டறியப்படுதல்

1950ஆம் ஆண்டில் எச். ஜி. காலன், எஸ். ஜி. டாம்லின் ஆகிய இருவரும் நீர்நிலவாழ் விலங்குகளின் முட்டை உயிரணுக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உட்கரு உறையில் துளைகள் இருப்பதைக் கண்டனர். 1960களில் கார்ல் ஃபெல்தர் அமீபாக்களுக்குள் மிக நுண்ணிய தங்கத் துகள்களைச் செலுத்தி, அவை துளைகளின் நடுப்பகுதி வழியாகவே உட்கருவுக்குள் செல்வதைக் காட்டினார். 1975இல் பீட்டர் பெயினும் அவருடன் பணியாற்றியவர்களும் வெவ்வேறு அளவுள்ள டெக்ஸ்ட்ரான் மூலக்கூறுகளைத் தவளை முட்டை உயிரணுக்களில் செலுத்தினர். சிறியவை எளிதில் நுழைந்தன, பெரியவை தடைபட்டன. இதன்படி, துளையானது சுமார் 9 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு சல்லடை போலச் செயல்பட்டது.

சல்லடையா, முகவரியா?

இதற்கு முன்பே, 1970இல், ஜான் குர்டன் தவளை முட்டை உயிரணுவின் சைட்டோபிளாசத்தில் செலுத்திய ஹிஸ்டோன்கள் உட்கருவில் சென்று குவிவதைக் கண்டிருந்தார். இதற்கு இரண்டு விளக்கங்கள் கூற முடிந்தது. ஒன்று, சிறிய புரதங்கள் எல்லாம் தாமாகவே உள்ளே பரவுகின்றன; டி.என்.ஏ.வுடன் பிணைபவை மட்டும் அங்கேயே தங்கிவிடுகின்றன. மற்றொன்று, நுழைவாயிலிலேயே தெரிவு நடக்கிறது. ஹிஸ்டோன் சிறிய புரதம் என்பதால் அதைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய இயலவில்லை.

1982இல் கேம்பிரிட்ஜில் காலின் டிங்வால், ரான் லாஸ்கி குழுவினர் நியூக்ளியோபிளாஸ்மின் என்ற பெரிய புரதத்தைக் கொண்டு இதற்கு விடை கண்டனர். அப்புரதம் ஐந்து துணையலகுகளால் ஆனது. ஒவ்வொரு துணையலகுக்கும் ஒரு வால் உண்டு. நொதியைக் கொண்டு வால்களை நீக்கியபோது, எஞ்சிய தலைப்பகுதி சைட்டோபிளாசத்திலேயே நின்றுவிட்டது. ஒரே ஒரு வால் எஞ்சியிருந்தாலும் மூலக்கூறு முழுவதும் உட்கருவுக்குள் சென்றது. வாலற்ற தலைப்பகுதியை நேரடியாக உட்கருவுக்குள் செலுத்தியபோது, அது அங்கேயே தங்கியது. ஆகவே, வால் தேவைப்படுவது உள்ளே தங்குவதற்கு அன்று, உள்ளே நுழைவதற்கே என்பது உறுதியாயிற்று.

அந்த முகவரி எத்தகையது என்பது 1984இல் தெரியவந்தது. லண்டனில் டேனியல் கால்டெரான், ஆலன் ஸ்மித் முதலியோர் எஸ்.வி.40 என்ற குரங்கு வைரசின் ஒரு புரதத்தை ஆராய்ந்தனர். புரோலின்–லைசின்–லைசின்–லைசின்–ஆர்ஜினின்–லைசின்–வேலின் என்ற ஏழு அமினோ அமிலங்களின் தொடரே அதன் முகவரி எனக் கண்டனர். இதிலுள்ள 128ஆம் இட லைசினை மட்டும் மாற்றினாலே அப்புரதம் உட்கருவில் சேராமல் போயிற்று. வழக்கமாக வெளியே இருக்கும் பைருவேட் கைனேஸ் நொதியுடன் இத்தொடரை இணைத்தபோது, அந்நொதி உட்கருவுக்குள் சென்றது. இத்தகைய தொடர் ‘உட்கரு அமைவிடச் சமிக்ஞை’ எனப்படுகிறது. உள்ளே சென்ற பின்னும் இச்சமிக்ஞை வெட்டி நீக்கப்படுவதில்லை. விலங்கு உயிரணுக்கள் பிரியும்போது உட்கரு உறை சிதைந்து மீண்டும் உருவாவதால், அதே புரதம் மறுபடியும் உள்ளே செல்ல முகவரி தேவைப்படுகிறது.

அதே ஆண்டில் ஃபெல்தர் குழுவினர், நியூக்ளியோபிளாஸ்மின் பூசிய சுமார் 20 நானோமீட்டர் வரையிலான தங்கத் துகள்களும் துளைகளைக் கடப்பதைக் காட்டினர். முகவரி உள்ள பொருளுக்கு 9 நானோமீட்டர் என்ற சல்லடை வரம்பு பொருந்தவில்லை.

சுமந்து செல்லும் புரதங்கள்

முகவரி இருந்தால் அதைப் படிப்பவரும் இருக்க வேண்டும். 1990இல் ஸ்டீபன் ஆடம், லாரி ஜெரேஸ் முதலியோர் இதற்கான சோதனை முறையை உருவாக்கினர். டிஜிட்டோனின் என்ற பொருள் கொலஸ்டிரால் மிகுந்த உயிரணுச் சவ்வில் துளையிடும். உட்கரு உறையைச் சிதைக்காது. சைட்டோபிளாசத்தின் கரைபொருள்கள் வெளியேறியதும் கடத்தல் நின்றது. அவற்றைத் திரும்பச் சேர்த்ததும் தொடங்கியது. எனவே அக்கரைசலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தேவையான காரணிகளைத் தேட வழி பிறந்தது. 1993இல் ரான் என்ற சிறு புரதத்தின் பங்கு தெரியவந்தது. 1994இல் டிர்க் கோர்லிச், லாஸ்கி முதலியோர் முகவரியைப் பற்றிக்கொள்ளும் இம்போர்ட்டின் புரதத்தைப் பிரித்தெடுத்தனர்.

திசையைத் தீர்மானிப்பது எது?

ரான் இரண்டு நிலைகளில் இருக்கும். ஒரு நிலையில் அது GDP-யுடனும், மற்றொரு நிலையில் அதைவிட ஒரு பாஸ்பேட் கூடுதலான GTP-யுடனும் பிணைந்திருக்கும்.