கடலுக்கு அப்பால் இருந்த கோதா: கியூபக் குத்துச்சண்டையின் அறுபது ஆண்டுகள்

குத்துச்சண்டை வீரர் ஒருவரின் வாழ்க்கை பெரும்பாலான நாடுகளில் இரண்டு கட்டங்களாக அமைகிறது. அமெச்சூர் எனப்படும் முதற்கட்டத்தில் அவர் பதக்கத்துக்காக மூன்று சுற்றுகள் மட்டுமே மோதுகிறார். அங்கே பெயர் பெற்றபின், போட்டிக்குப் பணம் போட்டு வசூலை எடுத்துக்கொள்ளும் புரமோட்டருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பன்னிரண்டு சுற்றுகள் வரை நீளக்கூடிய தொழில்முறைக் கோதாவில் இறங்குகிறார். கியூபாவிலோ 1962 முதல் 2022 வரை இந்த இரண்டாம் கட்டம் சட்டத்துக்குப் புறம்பானதாக இருந்தது. அதை எட்ட விரும்பியவர் நாட்டையே விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

புரட்சிக்கு முன்னிருந்த நிலை இதற்கு நேர் எதிரானது. ஹவானாவின் செர்ரோ பகுதியில் செய்தித்தாள் விற்ற சிறுவனாகத் தொடங்கி, கிட் சாக்லெட் என்ற பெயரில் கோதா ஏறிய எலிஹியோ சர்தின்யாஸ், 1931-இல் ஃபிலடெல்ஃபியாவில் பென்னி பாஸை வென்று கியூபாவின் முதல் உலக சாம்பியன் ஆனார். அமெச்சூராக நூறு போட்டிகளில் நூறையும் வென்றவர் என்று அவர் தரப்பு பரப்பிய கணக்கை வரலாற்றாளர்கள் நம்புவதில்லை. அக்காலக் கியூபாவில் அமெச்சூர் பருவம் என்பது தொழிலுக்கான விளம்பரமாகப் பயன்பட்டதே தவிர, தனக்கென மதிப்புடைய ஒன்றாக இருக்கவில்லை. 1968-க்கு முன் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் கியூபா ஒரு பதக்கமும் பெறாததும் இதனால்தான். தொழில்முறை வீரர்களில் பலர் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். 1951-இல் வெல்ட்டர்வெயிட் சாம்பியனான கிட் கவிலான், கரும்பு வெட்டும் அரிவாளைக் கீழிருந்து மேலாக வீசுவதைப் போன்ற ஒரு சுழற்குத்தால் பெயர் பெற்றார்.

விளையாட்டுகளை நிர்வகிக்க 1961-இல் ஃபிடல் காஸ்ட்ரோவின் அரசு நிறுவிய இன்டெர் என்ற அமைப்பு, அடுத்த ஆண்டே 83-ஏ எண் கொண்ட தீர்மானத்தின் மூலம் தொழில்முறை விளையாட்டு முழுவதையும் தடை செய்தது. மனித உடலைச் சந்தைச் சரக்காக்குவது தொழில்முறைக் கோதா என்பது அரசின் வாதம். இது வெறும் கொள்கை முழக்கம் என்று தள்ளிவிட முடியாதபடி, அதே ஆண்டு மார்ச்சில் நியூயார்க்கில் எமில் கிரிஃபித்திடம் குத்து வாங்கிச் சுயநினைவிழந்த கியூப சாம்பியன் பென்னி பாரெட், பத்து நாள்களில் இறந்தார். ஆயினும் தடை தொழிலை ஒழிக்கவில்லை, இடம் மாற்றியது. 1963 மார்ச் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் மைதானத்தில், நாட்டைத் துறந்திருந்த லூயிஸ் ரோட்ரிகஸும் சுகர் ராமோஸும் ஒரே இரவில் இரு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றனர். ராமோஸிடம் தோற்ற டேவி மூர் சில நாள்களில் உயிரிழந்ததால், அந்த வெற்றியே தடைக்கு வாதமாகவும் அமைந்துவிட்டது.

உள்நாட்டில் எஞ்சிய அமெச்சூர் குத்துச்சண்டையை அரசு முழுநேரப் பணியாகவே மாற்றியது. தலைமைப் பயிற்சியாளர் அல்சிதெஸ் சாகர்ரா, சோவியத் நாட்டிலிருந்து வந்த ஆந்திரேய் செர்வோனென்கோ போன்றோரின் துணையுடன் ஒரு பயிற்சிமுறையை உருவாக்கினார். பள்ளிப் பருவத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர்களில் சிறந்தவர்கள் ஹவானாவை அடுத்த லா ஃபின்கா பயிற்சி மையத்துக்கு வந்து சேர்ந்தனர். அரசே சம்பளமும் தங்குமிடமும் தந்த இந்த வீரர்களைப் பெயரளவிலேயே அமெச்சூர்கள் எனலாம். உண்மையில் புரமோட்டரின் இடத்தில் அரசு அமர்ந்திருந்தது.

இம்முறையின் உச்சம் தியோஃபிலோ ஸ்டீவன்சன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் ஹெவிவெயிட் காலிறுதியில், தன்னை முந்தைய ஆண்டு தோற்கடித்திருந்த அமெரிக்கர் டுவேன் போபிக்கை மூன்றாம் சுற்றில் சாய்த்த அவர், அங்கும், அதைத் தொடர்ந்து 1976, 1980 ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்றார். தோற்ற போபிக் தொழிலுக்குச் சென்று, 38 போட்டிகளில் தொடர்ந்து வென்றபின் 1977-இல் கென் நார்ட்டனிடம் 58 வினாடிகளில் வீழ்ந்தார். வென்ற ஸ்டீவன்சனோ, முகமது அலியுடன் மோத வந்த பல இலட்சம் டாலர் அழைப்புகளை மறுத்துக் கியூபாவிலேயே இருந்து, 2012-இல் காலமானார். அலியும் அவரும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்ற பட்டிமன்றம் இன்றும் ஓயவில்லை; மூன்று சுற்றுகளுக்கென வார்க்கப்பட்ட ஒருவரை, தொழில்முறையில் அன்றிருந்த பதினைந்து சுற்றுகளில் எடைபோடுவது அவ்வளவு எளிதல்ல என்பதை அது பெரும்பாலும் மறந்துவிடுகிறது.

சோவியத் ஒன்றியம் சிதைந்து கியூபப் பொருளாதாரம் நொடித்தபோது, அரசால் தர முடிந்ததற்கும் வெளிச்சந்தை தருவதற்குமான இடைவெளி தாங்க முடியாததாயிற்று. 1992 பார்சிலோனாவில் கியூபா வென்ற ஏழு குத்துச்சண்டைத் தங்கங்களில் ஒன்றுக்கு உரியவரான ஹொயெல் காசமயோர், 1996-இல் அட்லான்டா ஒலிம்பிக்குக்குச் சற்று முன்பு அணியை விட்டு விலகினார். இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற கியெர்மோ ரிகோந்தோ, 2007-இல் ரியோ டி ஜனேரோவில் அணியிலிருந்து மறைந்து, பிடிபட்டு, திருப்பியனுப்பப்பட்டு, கோதா ஏறவே தடை விதிக்கப்பட்டு, 2009-இல் ஒருவழியாக மயாமியை அடைந்தார். 2013-இல் நோனிடோ டோனேரை அவர் வென்ற விதம் அமெச்சூர் கல்வியின் முழு வெளிப்பாடு: தொட்டுவிட்டு விலகுவது, அடி வாங்காமல் புள்ளி சேர்ப்பது. அந்த நுட்பம் டிக்கெட் விற்காது என்று அவருடைய புரமோட்டரே வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தக் கல்வி தொழிலில் எப்போதும் கைகொடுத்தது என்றும் சொல்வதற்கில்லை. 2012, 2016 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற ரொபெய்சி ராமிரெஸ், 2019 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவில் தம் முதல் தொழில்முறைப் போட்டியில், அதிகம் அறியப்படாத அடான் கோன்சாலெஸால் முதல் சுற்றிலேயே தரையில் வீழ்த்தப்பட்டு, நான்கு சுற்றுகளின் முடிவில் நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் தோற்றார். பயிற்சியாளரை மாற்றி, கால்களை ஊன்றி அடிக்கக் கற்றுக்கொண்ட பிறகே 2023-இல் அவருக்கு உலகப் பட்டம் கிடைத்தது.

தடை சிறுகச் சிறுகத் தளர்ந்தது. ஐந்து சுற்றுகளும் ஊதியமும் கொண்ட உலகக் குத்துச்சண்டைத் தொடரில் 2013 முதல் கியூப அணி கலந்துகொண்டது. 2022 மே மாதம் மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்டெஸ் நகரில், அரசின் ஒப்புதலோடு கியூபர்கள் தொழில்முறைக் கோதாவில் நின்றனர். வருவாயில் 80 விழுக்காடு வீரருக்கு, 15 பயிற்சியாளர்களுக்கு, 5 மருத்துவக் குழுவுக்கு என்பது அறிவிக்கப்பட்ட பங்கீடு. இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹூலியோ செசார் லா க்ரூஸ் அங்கே தம் தொழில்முறை வாழ்வைத் தொடங்கியபோது அவருக்கு வயது 32. பிற நாட்டு வீரர் பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயது அது. டோக்கியோவில் தங்கம் வென்ற ஆன்டி க்ரூஸோ இந்த ஏற்பாட்டுக்குள் நிற்கவில்லை. அடுத்த மாதமே நாட்டைவிட்டு வெளியேற முயன்று பிடிபட்டு, தேசிய அணியிலிருந்து நீக்கப்பட்ட அவர், 2023 ஜூலையில் டெட்ராய்ட்டில், தம் சொந்த ஒப்பந்தத்தின்கீழ், முதல் போட்டியிலேயே பத்துச் சுற்றுகள் ஆடி வென்றார்.