வானத்தை நேசித்தவர்கள் விட்டுச்சென்ற தர்மம்



கூலிக்காக அல்லாமல், ஆர்வம் ஒன்றினாலேயே இரவு வானத்தை நோக்குகின்றவர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். நம் சமுதாயமோ மாதந்தோறும் பிறை தேடி மேற்கு வானத்தை நோக்குமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம். தொழுகை நேரத்திற்குச் சூரியனையும், மாதக் கணக்கிற்குச் சந்திரனையும் பார்க்கின்றோம். கிப்லாவின் திசையறிய விண்மீன்களைத் துணை கொண்டவர்கள் நம் முன்னோர்கள். ஆயினும் நம் பிள்ளைகளுள் ஒருவன் தொலைநோக்கி வேண்டுமென்று கேட்டால், அதை வீண் செலவென்று ஒதுக்கி விடுகின்றோம். அது வீண் செலவுதானா? இதற்கு வரலாறு என்ன விடை தருகின்றது என்று பார்ப்போம்.

பள்ளிவாசலும் வானவியலும்

14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் நகரின் உமையாப் பள்ளிவாசலில் இப்னுஷ் ஷாத்திர் (ரஹ்) என்னும் அறிஞர் தொழுகை நேரம் கணிக்கும் பொறுப்பை வகித்தார். அப்பணியாளருக்கு ‘முவக்கித்’ என்று பெயர். 1371இல் அப்பள்ளியின் மினாராவுக்கென அவர் பெரியதொரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார். சந்திரனின் இயக்கத்திற்கு அவர் வகுத்த கணித அமைப்பும், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் கோப்பர்நிக்கஸ் எழுதிய அமைப்பும் ஒன்றாகவே இருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர்.

விண்மீன்களின் பெயர்களும் இதற்குச் சான்று. நம் ஊரில் ரோகிணி என வழங்கும் செந்நிற விண்மீனை உலகம் ‘அல்டெபரான்’ என்கிறது. அது ‘அத்தபரான்’, அதாவது பின்தொடர்வது என்னும் அரபுச் சொல். திருவோணத்தின் நடு விண்மீனாகிய ‘அல்டேர்’, பறக்கும் கழுகு என்னும் பொருளுடைய ‘அந்நஸ்ருத் தாயிர்’ என்பதன் சுருக்கமேயாகும்.

சென்னையில் ஓர் இரும்புக் கூடம்

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். 1786இல் சென்னை எழும்பூரில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான வில்லியம் பெட்ரி என்பவர் இரும்பாலும் மரத்தாலும் ஒரு சிறிய வானாய்வுக் கூடத்தை அமைத்தார். அது அரசுக் கட்டளையால் எழுந்ததன்று; தம் சொந்த ஆர்வத்தினால் அவர் அமைத்துக்கொண்டது. பின்னர் ஐரோப்பா புறப்பட்டபோது தம் கருவிகளைக் கம்பெனியிடம் ஒப்படைத்துச் சென்றார். கடற்பயணத்திற்கும் நில அளவைக்கும் வானவியல் தேவையென உணர்ந்திருந்த கம்பெனி அதனை ஏற்றுக்கொண்டது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகம் எழுந்தது. நூறாண்டு கடந்தபின், 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானல் மலைக்கு இடம் பெயர்ந்தது. தனி மனிதர் ஒருவரின் பொழுதுபோக்கு ஒரு நாட்டின் நிறுவனமாக வேர் விட்டது.

ஹைதராபாத் நவாபின் ஆசை

இரண்டாவது வரலாறு நம் நெஞ்சுக்கு இன்னும் நெருக்கமானது. ஹைதராபாத்தின் பிரபுக்களுள் ஒருவரான நவாப் ஜபர் ஜங் வானவியலில் பெருங்காதல் கொண்டிருந்தார். 1901இல் புகழ்பெற்ற கிரப் நிறுவனம் செய்த 15 அங்குல விட்டமுடைய பெரிய தொலைநோக்கியை அவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். அந்நாளில் நம் நாட்டில் எளிதில் காணக்கூடிய கருவியன்று அது.

அவர் செய்த அடுத்த காரியத்தைக் கவனியுங்கள். அதற்குத் தம் பெயரைச் சூட்டவில்லை. அமையவிருக்கும் வானாய்வகம் ‘நிஜாமிய்யா’ என்று ஆட்சியாளர் பெயரால் விளங்க வேண்டும், தமக்குப் பின் அது அரசின் பொறுப்பில் வர வேண்டும் என்று நிஜாமிடம் கேட்டுக்கொண்டார். 1907இல் அவர் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். 1908இல் நிஜாமின் அரசு அதனை ஏற்று நடத்தத் தொடங்கியது. தாம் நட்ட மரத்தின் கனியை அவர் உண்ணவில்லை; உண்டவர்கள் பின்வந்தோர்.

அவ்வானாய்வகம் பின்னர் பேகம்பேட்டையில் இயங்கியது. வானம் முழுவதையும் நிழற்படமெடுத்து விண்மீன்களின் இடங்களைக் குறிக்க உலக நாடுகள் கூடி மேற்கொண்ட பெரும்பணியில் ஹைதராபாத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. பல லட்சம் விண்மீன்களின் இடங்கள் அங்கிருந்து அளக்கப்பட்டுத் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. 1919இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் சேர்ந்த அக்கூடத்திற்கு டி.பி. பாஸ்கரன், அவருக்குப் பின் அக்பர் அலி ஆகியோர் இயக்குநர்களாக விளங்கினர்.

இரு நீரோடைகளின் சங்கமம்

அதே கூடத்தில் பாப்பு என்பவர் பணியாற்றினார். 1927இல் சென்னையில் பிறந்த அவருடைய மகன் வைணு பாப்பு, தந்தையின் பணியிடத்திலேயே வானத்தைப் பயின்றார். கல்லூரி மாணவராக இருந்தபோதே ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைக் கவனித்துக் கட்டுரைகள் எழுதினார். ஹைதராபாத் அரசின் உதவித்தொகை அவரை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது. 1949இல் அங்கு அவர் கண்டறிந்த வால்மீனுக்கு அவர் பெயரும் உடனிருந்த இருவரின் பெயர்களும் சூட்டப்பட்டன.

நாடு திரும்பிய அவர் 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். பெட்ரியின் இரும்புக் கூடத்திலிருந்து ஓடி வந்த ஓடையும், நவாபின் தொலைநோக்கியிலிருந்து ஓடி வந்த ஓடையும் ஒரு மனிதரிடத்தில் ஒன்று சேர்ந்தன! அவர் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து புதிய வானாய்வகம் கண்டார். 1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பதற்குச் சான்று தந்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1982இல் அவர் மறைந்தார். நம் நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் காவலூரில் திறக்கப்பட்டபோது அவர் பெயரையே தாங்கியது.

ஓடை இன்னும் வற்றவில்லை. 2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை, சூரியனின் ஒளிவட்டத்தைக் காணும் கருவியை, உருவாக்கியது அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான். அத்திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி என்னும் முஸ்லிம் பெண்மணி. 2024 ஜனவரி 6 அன்று, பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் நிலையத்தை அக்கலம் அடைந்தது. நம் கொங்கு மண்ணின் கோதவாடியில் பிறந்து, கோவையில் பொறியியல் பயின்ற மயில்சாமி அண்ணாதுரையின் பொறுப்பில் 2008இல் சந்திரயான் 1 சந்திரனை அடைந்ததையும் நாமறிவோம்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

மனிதன் மரணித்த பின்னும் நன்மை சேர்க்கும் தர்மத்தை ‘ஸதகா ஜாரியா’ என்கின்றோம். பயன் தரும் கல்வியும் அதனுள் அடங்கும் என்பது நாம் குத்பாக்களில் பலமுறை செவியுற்றதே. நவாப் ஜபர் ஜங் அக்கருவியைத் தம் மாளிகையில் பூட்டி வைத்திருந்தால் அது அவருடனேயே முடிந்திருக்கும். ஆர்வம் அவருக்கு இன்பம் தந்தது. ஒப்படைத்த மனமோ ஊருக்குப் பயன் தந்தது. இன்று நம் திருமண விருந்துகளில் ஒரே பகற்பொழுதில் செலவாகி மறைவதில் சிறு பகுதியே ஒரு மஹல்லாவின் மதரஸாவுக்கு நல்லதொரு தொலைநோக்கி வாங்கப் போதுமானது.

சிங்காநல்லூர் போன்ற நகர்ப்புறத்தில் தெருவிளக்குகளின் ஒளி மங்கலான விண்மீன்களை மறைத்துவிடும். ஆயினும் சந்திரனின் மலைகளும், வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களும், சனிக் கோளின் வளையமும் சிறிய தொலைநோக்கிக்கே புலப்படும். சந்திரன் ஒரு நாளைக்குச் சுமார் 12 பாகை சூரியனை விட்டு விலகுகிறது என்பதையும், ஒரு பிறையிலிருந்து மறுபிறை வரை சராசரியாக 29 நாட்களும் பன்னிரண்டே முக்கால் மணி நேரமும் ஆகின்றன என்பதையும் பிள்ளைகள் அறிந்தால், நம் மாதங்கள் 29 ஆகவும் 30 ஆகவும் வருவதன் காரணம் தானே விளங்கும். வானியல் வேறு, ஜோதிடம் வேறு என்பதையும் அவர்களுக்குத் தெளிவுபடுத்துங்கள். தகுந்த வடிகட்டியின்றிச் சூரியனைத் தொலைநோக்கியால் ஒருபோதும் பார்க்கக் கூடாது. கண் பார்வையே பறிபோய்விடும்.

பெற்றோர்களே! உங்கள் மகளோ மகனோ, “அத்தா, அந்த நட்சத்திரத்தின் பெயர் என்ன?” என்று கேட்டால் அலட்சியமாக விலக்காதீர்கள். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிடில் சேர்ந்து தேடுங்கள். பயன் தரும் கல்வியையும், அதைப் பிறருக்குக் கொடுத்துச் செல்லும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.