வேளாண் அறிவியல் நிலையம்

ஆய்வகத்தில் தேறிய தொழில்நுட்பத்தை உழவரின் வயலிலேயே சோதித்துக் காட்டி, பயிற்சியும் ஆலோசனையும் தரும் அமைப்பு. இந்தி வழக்கில் கிருஷி விஞ்ஞான் கேந்திரா. மோகன் சிங் மேத்தா குழுவின் பரிந்துரைப்படி, நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. இன்று நாடெங்கும் 700-க்கு மேல் உள்ளன. நிதியளிப்பது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்.

ஆலோசனையின் பலன் பெரும்பாலும் செலவுக் குறைப்பில்தான் முதலில் தெரியும். நெல்லுக்கு இலை வண்ண அட்டை ஓர் எடுத்துக்காட்டு: நன்கு விரிந்த மேல் இலையை, வெயில் படாமல் தன் நிழலில் மறைத்து, அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும், நிறம் வெளிறினால் மட்டுமே யூரியா. உர அளவைப் பரிந்துரைக்க எடுக்கும் மண் மாதிரிக்கு வரப்போரமும் மர நிழலும் எருக்குவித்த இடமும் ஆகா. பல இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்குவர். மாதிரி தவறினால் பரிந்துரையும் தவறும்.

வாழை, மல்லிகை, காய்கறி போன்ற தோட்டப் பயிர்களில் விளைச்சலைவிட விலையே இலாபத்தைத் தீர்மானிப்பதால், தரம் பிரித்தல், மதிப்புக்கூட்டல் பயிற்சிகளும் இங்கு நடக்கின்றன. ஒரு மாவட்டத்துக்குச் சில வல்லுநர்களே இருப்பது இந்நிலையங்களின் பழைய குறை.